கோண்டுவானப் பயணம்: உட்னூரிலிருந்து வைன்கங்கையின் ஊற்று வரை

திங்கள், உட்னூர்

சென்னையிலிருந்து டெல்லிக்குச் செல்லும் ரயில்கள் மஞ்சிரியால், காகஸ்நகர், பல்லார்ஷா, சந்திரபூர், நாகபுரி, பைத்தூல் என்று ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் கோண்டு மக்களின் நாட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தேக்கங்காடும் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகளும் தெரியும். இப்படி ஒரு நாடு இருந்தது என்பது தெரியாது. தெற்கே கோதாவரிக்கும் வடக்கே நர்மதைக்கும் இடையில், பஸ்தர் மேட்டுநிலத்திலிருந்து சாத்பூரா மலைத்தொடர் வரை பரந்த இந்நிலத்தை மொகலாயர் கால ஆவணங்கள் கோண்டுவானம் என்றன. இன்று தெலங்கானா, மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்கள் இதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் இதன் ஓரங்கள் கிடக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோண்டியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். குருக்கும் துளுவும் இதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஆனால் கோண்டு மக்களின் எண்ணிக்கையோ ஒரு கோடிக்கும் மேல். அப்படியானால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் மொழியை எங்கே விட்டார்கள், எந்த ஊர்களில் விடவில்லை என்பதைத் தெற்கிலிருந்து வடக்காகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இப்பயணத்தின் நோக்கம்.

மஞ்சிரியாலில் இறங்கி, ஜன்னாரம் வழியாகக் கவ்வால் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் பேருந்தில் தெலங்கானாவின் ஆதிலாபாத் மாவட்டத்து உட்னூர் வந்து சேர்ந்தேன். மார்ச் மாதமாதலால் தேக்கு மரங்கள் இலையுதிர்த்து நிற்க, புரசு மட்டும் பூத்திருந்தது. உட்னூர் சிறிய ஊர்தான் என்றாலும், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெலுங்கு, மராத்தி, தக்கணி உருது, லம்பாடி, கோண்டி, கோலாமி எல்லாம் காதில் விழும். கோலாமி கோண்டியின் கிளைமொழி அன்று. அது நடுத் திராவிடக் கிளையைச் சேர்ந்தது; கோண்டியோ தெலுங்கு, குயி, குவி ஆகியவற்றோடு தென்-நடுத் திராவிடக் கிளையில் நிற்பது. இருந்தும் கோண்டுகளின் ஊர்த் தெய்வங்களுக்குப் பல இடங்களில் கோலாம்களே பூசாரிகளாக இருப்பதால், இரண்டு மொழிகளும் ஒரே சாமியின் முன்னால் தலைமுறை தலைமுறையாக அருகருகே ஒலித்து வருகின்றன.

செவ்வாய், மார்லவாய், குஞ்ஜாலா

1940இல் ஜோடேகாட்டில் கோண்டுத் தலைவர் கொமரம் பீம் நிஜாமின் படையால் கொல்லப்பட்ட பின்னர், கோண்டுகள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்று அறிவதற்காக நிஜாம் அரசு கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப் என்ற ஆஸ்திரிய மானிடவியலாளரை இங்கே அனுப்பியது. அவர் ஆய்வறிக்கையோடு நின்றுவிடவில்லை. மார்லவாயில் கோண்டு இளைஞர்களுக்கான ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கவும், கோண்டி மொழியில் பாடநூல்கள் வரவும், பழங்குடியினருக்கு நிலப் பட்டாக்கள் கிடைக்கவும் காரணமாக இருந்தார். அவருக்கும் அவருடைய மனைவி பெட்டிக்கும் மார்லவாயில் நினைவிடம் இருக்கிறது. தீபாவளிக் காலத்தில் மயிற்பீலித் தலைப்பாகை அணிந்து ஆடும் குஸ்ஸாடி ஆட்டத்திற்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்ற கனகராஜுவும் இவ்வூர்க்காரர்தான்.

தனிமையான காட்டுப் பகுதியில் மொழி பிழைக்கும், சாலையும் சந்தையும் வந்தால் அழியும் என்பது பொதுவான எண்ணம். இங்கே வந்து பார்த்தவர் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. ஆதிலாபாத் பருத்தி விளையும் கரிசல் பூமி. கோண்டுகள் ஏர் பூட்டி உழும் குடியானவர்கள். லேவாதேவிக்காரர்களும் வியாபாரிகளும் நூறாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஆனாலும் இங்கு குழந்தைகள் கோண்டியில்தான் சண்டை போடுகிறார்கள். குலங்கள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு சகோதரர் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருப்பதும், ஒவ்வொரு பிரிவின் வரலாறும் விழா நாளில் கோண்டியில் ஓதப்பட வேண்டும் என்ற முறை இன்னும் தளராமல் இருப்பதும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேஸ்லாபூரில் நாகதெய்வமான நாகோபாவுக்கு எடுக்கும் விழாவுக்காக மெஸ்ராம் குலத்தார் ஜன்னாரம் பக்கத்தில் கோதாவரியின் ஹஸ்தினமடுகு வரை வெறுங்காலோடு நடந்து நீர் கொண்டுவருவதும் இந்த முறையின் ஒரு பகுதியே.

விந்தை என்னவென்றால், அந்த வரலாற்றைக் கிக்ரி என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும் பாணர்களான பர்தான்களின் வீட்டு மொழி இங்கு மராத்தி. தம் வீட்டில் பேசாத மொழியில், தம்முடையது அல்லாத குலங்களின் கதையைப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். மார்லவாய்க்கு அருகே ஒரு பெரியவர் எனக்காகச் சில அடிகள் பாடினார். கிக்ரியின் வில்லைச் சிறிய சலங்கைக் கொத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் வில் திரும்பும்போது சலங்கை ஒலிக்க, எதிரே இருந்த கோண்டு இளைஞர் அந்த ஒலிக்குச் சரியாக ஒரு சொல்லை ஆமோதிப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிற்பகலில் குஞ்ஜாலாவுக்குச் சென்றேன். 2006இல் இவ்வூரில் சில வீடுகளில் இருந்த கையெழுத்துச் சுவடிகளில், வேறெங்கும் வழங்காத ஓர் எழுத்துமுறை இருப்பது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. பலகையில் எழுதியிருந்த எழுத்து வரிசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரெழுத்துகளுக்குப் பின் க, ச, ட என்று வாயின் உட்புறத்திலிருந்து உதடு நோக்கி வரும் நமக்குப் பழகிய வரிசை இதில் இல்லை. ய, வ, ப, ம, க என்று தொடங்கித் தன்போக்கில் செல்கிறது. வேறு இந்திய எழுத்தைப் பார்த்து ஒரே நாளில் வார்த்தெடுத்த எழுத்தாக இது எனக்குத் தோன்றவில்லை. 2018இல் இது யூனிகோடில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டே இடம்பெற்றுவிட்ட இன்னொரு கோண்டி எழுத்தைப் பற்றி வடக்கே பாலாகாட் வரும்போது எழுதுகிறேன்.

புதன், கெரமேரி மலைப்பாதை

இன்று பெரும்பாலும் சாலைதான். ஜோடேகாட்டில் பீமின் சிலையையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, எல்லையோர ஊர்களுக்குச் சென்றேன். 1956 மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது ஹைதராபாத் மாநிலத்தின் ஆதிலாபாத் மாவட்டத்திலிருந்து ராஜுரா, கின்வட் வட்டங்கள் மராத்திப் பகுதிகள் என்று பம்பாய் மாநிலத்தோடு சேர்ந்தன. அந்தக் கோட்டின் மேல் அமைந்த பரம்தோளி முதலிய சில ஊர்களை இரண்டு மாநிலங்களுமே தமதென்கின்றன. ஊராரிடம் இரண்டு வாக்காளர் அட்டைகள் இருக்கின்றன. ஒரே ஊரில் தெலுங்குப் பள்ளி ஒன்றும் மராத்திப் பள்ளி ஒன்றும் நடக்கின்றன. மொழிவாரிப் பிரிவினையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நம்மைப் போன்றவர்கள் இங்கு ஒரு நாள் வந்து நிற்க வேண்டும். தெலுங்கு எங்கே முடிகிறது, மராத்தி எங்கே தொடங்குகிறது என்று அளந்தவர்கள், இரண்டுக்கும் நடுவே கிடந்த மூன்றாவது மொழியைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

வியாழன், சந்திரபூர்

கோண்டு அரசுகள் நான்கு: கட்-மண்டலா, தேவ்கட், கேர்லா, சாந்தா. சாந்தாதான் இன்றைய சந்திரபூர். பழைய நகரைச் சுற்றிய கோட்டை மதில் பெருமளவு இன்னும் நிற்கிறது. ஜட்புரா வாயிலின் இருபுறமும் யானையை அடக்கும் சிங்கத்தின் உருவம், அரச முத்திரையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே ஆட்டோக்களும் பைக்குகளும் ஹாரன் அடித்தபடி ஒரே வளைவுக்குள் நுழைய முயல்வதால், நிமிர்ந்து பார்ப்பவர்கள் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் மட்டுமே. வாயிலுக்கு வெளியே கடை வைத்திருந்த ஒரு கோண்டு நண்பரிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். மராத்தி என்றார், தாத்தா கோண்டி பேசுவாராம்.

ஊருக்கு அடியில் நிலக்கரி. இந்த நிலக்கரியைக் கொண்ட பாறைத் தொடருக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மெட்லிகாட் 1870களில் கோண்டுவானா என்று பெயரிட்டார். அதே பாறைகளும் தாவரப் படிவங்களும் தென்கோளத்தின் பிற கண்டங்களிலும் இருப்பதைக் கண்ட புவியியலாளர் எட்வர்ட் சூயஸ், ஒரு காலத்தில் அவற்றையெல்லாம் இணைத்திருந்த பெருநிலத்துக்குக் கோண்டுவானாலாந்து என்று 1885இல் பெயர் வைத்தார். இவ்வளவு பெரிய பெயரை உலகுக்கு வழங்கிய மக்கள் தம்மைக் கோண்டு என்று அழைத்துக்கொள்வதே இல்லை. கோய்த்தோர், கோயா என்றுதான் சொல்கிறார்கள்.

வெள்ளி, சிரோஞ்சா

சந்திரபூரிலிருந்து அல்லாபல்லி வழியாகச் சிரோஞ்சா வருவதற்கு நாள் முழுவதும் பிடித்தது. சுர்ஜாகட் மலையின் இரும்புத் தாதை ஏற்றிய லாரிகள் வரிசையாக எதிர்ப்பட்டதால் பேருந்து பல இடங்களில் ஓரங்கட்டி நிற்க வேண்டியிருந்தது. அல்லாபல்லியிலிருந்து கிழக்கே பிரியும் சாலை பாம்ராகட் செல்கிறது. இந்திராவதி, பாமுலகௌதமி, பர்ல்கோட்டா ஆகிய மூன்று ஆறுகள் கூடும் அப்பகுதியில் மாடியா என்ற கோண்டிக் கிளைமொழியைப் பேசுகிறார்கள். சமூக சேவகர் பாபா ஆம்டே 1973இல் தொடங்கிய ஹேமல்கசா மருத்துவமனையும் பள்ளியும் அங்குதான் உள்ளன.

சிரோஞ்சா மகாராஷ்டிரத்தின் தென்கிழக்கு மூலை. பெயர்ப்பலகைகள் மராத்தியில் இருந்தாலும் கடைத்தெருவில் தெலுங்கே ஓங்கி ஒலிக்கிறது. கோட்டையிலிருந்து பார்த்தால் பிராணஹிதை ஆறு அகன்று, மணல் திட்டுகளோடு கிடக்கிறது. அக்கரை தெலங்கானாவின் காளேஸ்வரம். வைன்கங்கையும் வர்தாவும் கூடிப் பிராணஹிதையாகி, இங்கே கோதாவரியில் சேர்கிறது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கே ஒரு கோண்டுவானாப் பாறைப் படுகை. பக்கத்திலுள்ள போச்சம்பள்ளியில்தான் 1960களில் பாராபாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றைப் பொருத்தி அமைத்த முழு எலும்புக்கூடு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிற்கிறது.

ஞாயிறு, பீஜாப்பூர், கீதம், ஜக்தல்பூர்

நேற்று இந்திராவதிப் பாலத்தைக் கடந்து சத்தீஸ்கருக்குள் நுழைந்தேன். போபால்பட்டணம் வரை தெலுங்கு துணைக்கு வந்தது. பீஜாப்பூர் தாண்டியதும் என் தெலுங்குக்கும் மராத்திக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒரு பாதுகாப்புப் படை முகாம். 2005க்குப் பிந்தைய, மாவோயிஸ்டுகளுக்கும் அரசுத் தரப்புக்கும் இடையிலான மோதல் ஆண்டுகளில் இப்பகுதியிலிருந்து தப்பிச் சென்ற ஆயிரக்கணக்கானோர் கோதாவரிப் பக்கத்துத் தெலங்கானா, ஆந்திரக் காடுகளில் குடியேறி, அங்கு குத்திக்கோயா என்ற பெயரோடு வாழ்கிறார்கள். ஆக, கிளைமொழி எல்லை என்று நூலில் வரைந்த கோடுகளில் சில, இருபது ஆண்டுகளுக்குள் இடம் மாறிவிட்டன.

கீதத்துக்கு அருகே சாலையோரச் சந்தை ஒன்றில் இறங்கினேன். இந்தப் பருவத்தில் சந்தை என்றால் இலுப்பைப் பூதான்: ஒவ்வொரு பெண்ணும் கூடையில் கொண்டுவந்த காய்ந்த பூவை வியாபாரி தராசில் கொட்டி வாங்க, அந்தப் பணத்தில் அவர்கள் உப்பும் எண்ணெயும் காய்ந்த மீனும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். உப்புக் கடையில்தான் நான் எதிர்பார்த்து வந்தது கிடைத்தது. உட்னூரில் சொவர் என்று கேட்ட உப்பு, இங்கே ஹொவர் என்றும் ஒவர் என்றும் ஒலித்தது. கோண்டியின் வடக்கு, மேற்கு வழக்குகளில் சொல்லின் முதலில் நிற்கும் சகரம், பஸ்தருக்குள் ஹகரமாகி, மலைப்பகுதி மாடியாவிலும் தெற்கிலும் முற்றாக மறைகிறது. ஒரு தனிச்சொல்லின் கதை அன்று இது. சொல் சொல்லாக, ஊர் ஊராக வரைபடத்தில் குறித்துக்கொண்டே போகலாம். அந்தச் சகரத்தை நம் முன்னோர் எப்போதோ இழந்து உவர் என்று வைத்துக்கொண்டார்கள். கோண்டிக்கு முறையான விளக்க இலக்கணம் ஒன்றை 1968இல் வெளியிட்டது நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், எழுதியவர் பி. எஸ். சுப்பிரமணியம்.

எண்ணிக்கையையும் கவனித்தேன். ஒரு மூதாட்டி இலைத் தொன்னைகளை அடுக்கும்போது உண்டி, ரண்ட், மூண்ட், நாலுங் என்று தொடங்கி, சற்றுத் தூரம் போனதும் ஹிந்தி எண்களுக்குத் தாவினார். விலை பேசும்போதோ எல்லாரும் ஹல்பிக்கு மாறிவிடுகிறார்கள். ஹல்பி இந்தோ-ஆரிய மொழி. சத்தீஸ்கரி, ஒடியா, மராத்தி மூன்றின் சாயலும் அதில் உண்டு. சமஸ்தானக் காலத்திலிருந்தே பஸ்தரின் பொதுமொழி அதுதான். கோண்டு முரியாவும், பர்ஜி பேசும் துர்வாவும், ஒடிசா எல்லையில் பத்ரி பேசுபவரும் ஒருவரோடொருவர் பேச ஹல்பியைப் பயன்படுத்துகிறார்கள். பொதுமொழி ஒன்று சந்தையில் நின்றுகொண்டு, வீட்டுக்குள் நுழையாமல் இருந்தால் சிறுமொழிகளுக்கு அதனால் கேடில்லை என்பதற்குப் பஸ்தர் சான்று. ஹிந்தி அப்படி வாசலில் நிற்கும் மொழி அன்று. பள்ளிக்கூடம் வழியாக நேரே உள்ளே வருகிறது.

ஊர்ப்பெயர்களே இங்கு நல்ல வரைபடம். பஸ்தானார், குகானார், 1910 பூம்கால் கிளர்ச்சியின் தலைவர் குண்டா தூர் பிறந்த நேதானார் என்று வரிசையாக வரும் பெயர்களின் ஈற்றிலுள்ள நார், கோண்டியில் ஊர் என்று பொருள்படும். துர்வா மக்களின் ஊருக்கும் அந்த ஈறே அமைந்திருக்கிறது. உட்னூர்ப் பக்கம் குடா என்று முடிந்த சிற்றூர்கள், வடக்கே பாலாகாட்டில் டோலா என்று முடியும்.

கீதத்திலிருந்து தந்தேவாடா செல்லும் சாலையில் மாடியாக்களின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பழையவை செதுக்காத நெடுங்கற்கள். புதியவை சிமெண்டில் கட்டி வண்ணம் பூசியவை. காட்டெருமைக் கொம்புத் தலையணியோடு ஆடுபவர், புலி, சைக்கிள், துப்பாக்கி ஏந்திய காவலர் என்று இறந்தவரின் வாழ்வில் இருந்தவையும் அவர் விரும்பியவையும் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருக்கின்றன. ஒரு தூணின் மேல் விமானம் ஒன்று இருந்தது. எழுத்து மட்டும், பெயரும் தேதியும், தேவநாகரியில் ஹிந்தி.

செவ்வாய், கேஷ்காலைக் கடந்து

கேஷ்கால் மலைப்பாதையில் பன்னிரண்டு வளைவுகள் இறங்கினால் பஸ்தர் மேட்டுநிலம் முடிந்து, மகாநதியின் சமவெளி தொடங்குகிறது. அத்தோடு ஹல்பி நின்று சத்தீஸ்கரி வந்துவிடுகிறது. காங்கேர், ராஜ்நாந்த்காவ், பாலாகாட் என்று பேருந்து மாறிக்கொண்டே இருந்தேன். எழுதத்தக்கது அதிகம் இல்லை.

பாலாகாட்டைச் சேர்ந்த முன்ஷி மங்கள் சிங் மஸாராம் 1918இல் கோண்டிக்கென ஓர் எழுத்தை உருவாக்கினார். 2017இல் யூனிகோடில் ஏறியது அதுதான். தெற்கே குஞ்ஜாலா எழுத்து, வடக்கே மஸாராம் எழுத்து, நடைமுறையில் தெலுங்கு எழுத்தும் தேவநாகரியும். பேசுவோரில் பலர் இவற்றில் எதிலும் தம் மொழியைப் படித்ததில்லை.

வியாழன், மண்டலா, ராம்நகர்

தேக்கங்காடு போய்ச் சால் மரக்காடு வந்துவிட்டது. வயல்களில் வரகும் சாமையும் அறுத்த தாள்கள். மண்டலா நகரை நர்மதை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. 1564இல் அக்பரின் தளபதி ஆசஃப் கானோடு போரிட்டு மடிந்த ராணி துர்காவதியின் நாடு இது. ஆற்றில் மேலேறிச் சென்றால் வரும் ராம்நகரில், ஹிர்தே ஷா என்ற கோண்டு அரசர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மோதி மஹால் கரையோரமாகவே நிற்கிறது. நடுமுற்றத்தில் குளம், சுற்றிலும் இருண்ட சிறு அறைகள். அருகிலுள்ள காலா பஹாட் குன்றில் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பலகோணக் கற்கள் உத்தரங்களைப் போல் குவிந்து கிடக்கின்றன; அரண்மனைக்கென்று மந்திரத்தால் பறக்கவைத்த கற்களில் மிஞ்சியவை என்று ஊரார் சொல்கிறார்கள்.

அரசரின் 1667ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவருடைய முன்னோர்களை ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளாக வரிசைப்படுத்துகிறது. அது முழுவதும் சமஸ்கிருதம். மார்லவாயில் பர்தான் பெரியவர் வில்லும் சலங்கையுமாகக் கோண்டியில் செய்ததைத்தான் இங்கு அரசர் கல்லில் செய்திருக்கிறார். ஆனால் தம் குடிகளுக்குப் புரியாத மொழியில். மண்டலாவில் கோண்டுகள் பெரும்பாலும் ஹிந்தியின் வட்டார வழக்கையே பேசுகிறார்கள். ஓவியத்தால் உலகறிந்த ஜங்கட் சிங் ஷ்யாமின் பாட்டன்கட் ஊரும் இப்பக்கம்தான். தேவ்கட் அரசர் பக்த் புலந்த் ஷா நிறுவிய நாகபுரியிலோ கோண்டி கேட்பது அரிது. அரண்மனை கட்டிய இடங்களில் மொழி மெலிந்தும், அரசு எட்டிப் பார்க்காத இடங்களிலும் குலமுறை விடாத இடங்களிலும் மொழி செழித்தும் இருப்பதைத்தான் வழிநெடுகக் கண்டேன். மன்னராட்சியின் பெருமையைச் சொல்லி மொழியை மீட்க நினைப்பவர்களுக்கு இது உவப்பாக இராது.

வெள்ளி, சிவனி

வைன்கங்கையின் ஊற்று சிவனி மாவட்டத்து முண்டாராவில், கோயிலை ஒட்டிய சிறு குளமாக இருக்கிறது. இங்கிருந்து பெரிய வளைவாகச் சுற்றித்தான் ஆறு தெற்கே திரும்புகிறது. சிவனி, சிந்த்வாடா, பைத்தூல் பகுதிகளில் கோண்டி இன்னும் வீட்டு மொழி. சாத்பூராவின் இந்த ஓரத்தில் உப்பு மறுபடியும் சொவர் ஆகிவிட்டதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மாலையில் கல்லூரி மாணவர் ஒருவரோடு பேசினேன். பல மாநிலப் பேச்சாளர்கள் கூடி, ஏறத்தாழ 3,000 சொற்கள் கொண்ட பொதுக் கோண்டி அகராதியை 2018இல் வெளியிட்டிருந்தார்கள். அதை அவர் அறிவார். ஆனால் தம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது பெரிதும் பயன்படவில்லை என்றார். உட்னூர்க்காரர்கள் தெலுங்கு எழுத்தில் கோண்டி எழுதினால் இவர்களால் படிக்க முடியாது. இவர்கள் தேவநாகரியில் எழுதினால் அவர்களில் பலருக்குச் சிரமம். ஆகவே குழுவில் எழுதுவதையே விட்டுவிட்டு, குரல் பதிவுகளாகவே அனுப்பிக்கொள்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் தாய்மொழிக் கட்டத்தில் ஹிந்தி என்று எழுதவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் பதிவு ஒன்றை இப்போது பரப்பி வருகிறார்களாம். அதை எனக்கும் போட்டுக் காட்டினார். முதலில் ஒரு பெண் சாத்பூரா வழக்கில் சொல்ல, பின்பு ஓர் ஆண் ஆதிலாபாத் வழக்கில் அதையே சொல்கிறார். இரண்டையும் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஆதிலாபாத்காரர் இடையில் சொன்ன தெலுங்குச் சொல் ஒன்றை மட்டும் நான்தான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.